உத்திரட்டாதியின் மேல்தோலில் பாதரசம்

கோயிலில் அர்ச்சனைத் தட்டை நீட்டியதும் குருக்கள் பெயரும் நட்சத்திரமும் கேட்பார். "உத்திரட்டாதி" என்று சொல்லிவிட்டுக் கைகூப்பி நிற்போம். அந்த உத்திரட்டாதி வானத்தில் எங்கே இருக்கிறது என்று யாராவது திருப்பிக் கேட்டால் பெரும்பாலோர் விழிப்போம். பஞ்சாங்கத்தில் அன்றாடம் புழங்கும் பெயர்தான். அண்ணாந்து பார்க்கும் பழக்கம்தான் விட்டுப்போயிற்று.

உத்திரட்டாதி என்று பொதுவாகச் சுட்டப்படுவது இரண்டு விண்மீன்களை. தெற்கே இருப்பது அல்ஜெனிப். வடக்கே இருப்பது அல்ஃபெராட்ஸ். இரண்டில் பளிச்சென்று இருப்பது வடக்கே உள்ளதுதான். இந்தக் கட்டுரை அதைப் பற்றியது. வெறும் கண்ணுக்கு நீலம் கலந்த வெண்மையாக, சாதுவாகத் தெரியும் இந்த விண்மீனின் மேற்பரப்பில், இருக்க வேண்டிய அளவைக் காட்டிலும் பல்லாயிரம் மடங்கு அதிகமாகப் பாதரசம் மிதக்கிறது.

முதலில் ஆளை அடையாளம் கண்டுகொள்வோம். பூரட்டாதியின் இரண்டு விண்மீன்களும் உத்திரட்டாதியின் இரண்டும் சேர்ந்தால் வானத்தில் ஒரு பெரிய சதுரம் கிடைக்கும். நம் முன்னோர் அதை ஒரு கட்டிலாகப் பார்த்தார்கள். இரண்டு கால் பூரட்டாதி, இரண்டு கால் உத்திரட்டாதி. வடமொழியில் இந்த இரண்டு நட்சத்திரங்களுக்கும் புரோஷ்டபதம் என்றொரு பழைய பெயர் உண்டு. பலகையின் கால், கட்டிலின் கால் என்று பொருள். அந்தப் பெயரிலிருந்துதான் நம் புரட்டாசி வந்தது. அந்த மாதத்துப் பௌர்ணமி நிலவு இந்தச் சதுரத்தின் பக்கமாக நிற்கும். பக்கமாக என்றால் ஒட்டி நிற்கும் என்று நினைத்துவிட வேண்டாம். நிலவு போகும் பாதைக்கு வெகு வடக்கே இருக்கிறது அல்ஃபெராட்ஸ். "இன்று சந்திரன் உத்திரட்டாதியில்" என்று நாள்காட்டி சொல்லும் நாளிலும் இரண்டுக்கும் நடுவே குறைந்தது இரண்டு முஷ்டி அகல வானம் கிடக்கும்.

மேற்கே இதே சதுரத்தைக் கட்டிலாகப் பார்க்கவில்லை, குதிரையின் உடலாகப் பார்த்தார்கள். பெகாசஸ் என்னும் பறக்கும் குதிரை. அல்ஃபெராட்ஸ் என்ற பெயரே குதிரை என்னும் அரபுச் சொல்லின் திரிபு. குதிரையின் தொப்புள் என்று அரபியர் இதைக் குறித்தார்கள். ஆனால் கிரேக்கர்களுக்கு இது பக்கத்திலிருக்கும் ஆண்ட்ரமீடா என்ற இளவரசியின் தலையும் கூட. தாலமி இரண்டு உருவத்துக்கும் பொதுவானது என்றே எழுதிவைத்தார். 1603-இல் பேயர் தம் வான அட்லஸில் இரண்டு பெயரும் கொடுத்தார்: ஆல்ஃபா ஆண்ட்ரமீடா, டெல்டா பெகாசி. இந்த எல்லைத் தகராறு தீர்ந்தது 1930-இல். சர்வதேச வானியல் ஒன்றியம் விண்மீன் மண்டலங்களுக்கு வரப்பு போட்டபோது இளவரசிக்குத் தலை கிடைத்தது, குதிரை ஒரு மூலையை இழந்தது.

இப்போது அதன் உடல்வாகு.

நம்மிடமிருந்து சுமார் 97 ஒளியாண்டு தொலைவு. இன்றிரவு உங்கள் கண்ணில் விழும் அதன் ஒளி, 97 ஆண்டுகளுக்கு முன் அங்கிருந்து கிளம்பியது. சூரியனைப் போல ஏறக்குறைய 3.8 மடங்கு நிறை, 2.7 மடங்கு விட்டம். வெளியிடும் ஆற்றலோ சூரியனைப் போல 240 மடங்கு. நிறை நாலு மடங்குகூட இல்லை, வெளிச்சம் மட்டும் 240 மடங்கா என்றால், ஆம், விண்மீன்களின் கணக்கு அப்படித்தான். நிறை கொஞ்சம் கூடினால் மையத்தின் வெப்பமும் அழுத்தமும் கூடி எரிபொருள் வெகுவேகமாகத் தீரும். சூரியன் 460 கோடி வயதில் நடுத்தர வயதுக்காரன். அல்ஃபெராட்ஸுக்கு வயது ஏறத்தாழ 6 கோடி ஆண்டு. பூமியில் டைனோசர்கள் அழிந்து 6.6 கோடி ஆண்டு ஆகிறது. அவை கடைசியாக அண்ணாந்து பார்த்த வானத்தில் அநேகமாக இந்த விண்மீன் இருந்திருக்காது.

மேற்பரப்பு வெப்பம் சுமார் 13,800 கெல்வின். சூரியனுடையது 5,800-க்குச் சற்றுக் கீழே. நீலவெண்மைக்குக் காரணம் இந்தச் சூடுதான். கொல்லன் பட்டறையில் பார்த்திருப்பீர்கள். இரும்பு முதலில் மங்கலாகச் சிவக்கும், பிறகு ஆரஞ்சு, பிறகு மஞ்சள், சூடு ஏற ஏற வெளுக்கும். உலையை இன்னும் மூட்டிக்கொண்டே போக முடிந்தால் நீலம் கலக்கும். அதற்குள் இரும்பு உருகி ஆவியாகிவிடும் என்பதால் எந்தக் கொல்லரும் அதைப் பார்த்ததில்லை. அல்ஃபெராட்ஸின் ஒளி உச்சம் கொள்வது நீலத்திலும் இல்லை, அதைத் தாண்டிய புற ஊதாவில். கண்ணுக்குத் தெரிவது அதன் ஒளியில் சிறு பங்குதான்.

இதுவரை சொன்னதில் வியப்பு ஒன்றுமில்லை. இதே சூடும் நிறையும் கொண்ட விண்மீன்கள் ஏராளம். வேறுபாடு நிறமாலையில் இருக்கிறது.

ஒளியைப் பட்டகத்தில் பிரித்தால் வானவில் போன்ற பட்டை வரும். அதில் ஆங்காங்கே கறுப்புக் கோடுகள் விழும். ஒவ்வொரு தனிமமும் தனக்கே உரிய இடங்களில் ஒளியை விழுங்குவதால் வரும் கோடுகள் அவை. கைரேகை மாதிரி. 1906-இல் லண்டனில் நார்மன் லாக்யரும் பாக்ஸண்டாலும் அல்ஃபெராட்ஸின் பட்டையில் பழக்கமில்லாத கோடுகள் சில இருப்பதைக் குறிப்பிட்டார்கள். லாக்யர் யாரென்றால், 1868-இல் சூரிய ஒளியில் ஒரு மஞ்சள் கோட்டைக் கண்டு, அதுவரை பூமியில் யாரும் அறியாத தனிமம் அது என்று துணிந்து, அதற்கு ஹீலியம் என்று பெயர் வைத்தவர். ஒரு கோட்டை நம்பி ஒரு தனிமத்தையே அறிவித்த மனிதர். பூமியில் ஹீலியம் கையில் சிக்கியது 1895-இல்தான்.

அல்ஃபெராட்ஸின் கோடுகளுக்குப் புதுத் தனிமம் தேவைப்படவில்லை. அவற்றில் பெரும்பாலானவை மாங்கனீஸ் என்று 1914-இல் பாக்ஸண்டால் சுட்டிக்காட்டினார். ஓரியனுக்குக் கீழே இருக்கும் முயல் மண்டலத்தில் மியூ லெபோரிஸ் என்ற விண்மீனும் இதே கோடுகளைக் காட்டியது. 1931-இல் மார்கன் இன்னும் 12 விண்மீன்களைப் பட்டியலில் சேர்த்தார். ஒரு கோடு மட்டும் பிடிகொடுக்காமல் நின்றது. 3984 ஆங்ஸ்ட்ராம் அலைநீளத்தில், ஊதாவின் விளிம்பில் விழும் கோடு அது. 1960-களின் தொடக்கத்தில் அமெரிக்க வானியலர் பிடெல்மன் அதற்குச் சொந்தக்காரரைக் கண்டுபிடித்தார்: ஓர் எலக்ட்ரானை இழந்த பாதரசம். அன்றிலிருந்து இந்த வகைக்குப் பாதரச-மாங்கனீஸ் விண்மீன்கள் என்று பெயர். அந்தக் குடும்பத்தில் நமக்கு மிகப் பிரகாசமாகத் தெரிவது நம் உத்திரட்டாதிதான்.

பாதரசம் மட்டுமில்லை. மாங்கனீஸ், பாஸ்பரஸ், காலியம், இட்ரியம், செனான், பிளாட்டினம் என்று இந்தக் குடும்பத்தில் பலதும் மிதமிஞ்சிக் கிடக்கும். ஹீலியம் மட்டும் இருக்க வேண்டியதைவிடக் குறைவு. எந்த விண்மீனிலும் ஹைட்ரஜனுக்கு அடுத்து அதிகமிருக்க வேண்டிய சரக்கு அது.

பாதரசம் என்றதும் நமக்கு ரசவாதம் நினைவுக்கு வரும். இந்த விண்மீன் தன் உலையில் பாதரசத்தைச் சமைக்கிறதோ என்று தோன்றும். சமைக்கவில்லை. அதன் மையத்தில் நடப்பது ஹைட்ரஜன் ஹீலியமாகும் வேலை ஒன்றுதான். பாதரசம் போன்ற கனமான தனிமங்கள் அதற்கு முன் வாழ்ந்து முடிந்த வேறு விண்மீன்களில் உருவானவை. இது பிறந்த வாயு மேகத்தில் அவை ஏற்கெனவே சொற்பமாகக் கலந்திருந்தன. நம் சூரிய மண்டலத்தின் கலவையில் ஒரு லட்சம் கோடி ஹைட்ரஜன் அணுவுக்குப் பத்துப் பதினைந்து பாதரச அணு இருக்கும். அல்ஃபெராட்ஸின் உடல் முழுவதையும் எடுத்துக் கலக்கினால் அதிலும் ஏறக்குறைய அதே விகிதம்தான் வரும். நடந்திருப்பது உற்பத்தி இல்லை, பிரிப்பு. எங்கோ ஆழத்தில் பரவலாக இருந்தது மேலே வந்து சேர்ந்திருக்கிறது.

கனமான பாதரசம் அடியில் படியாமல் மேலே எப்படி வரும்? இதற்கான விளக்கத்தை 1970-இல் முறையாக எழுதியவர் கனடாவின் ஜார்ஜ் மிஷோ. நம் களத்துமேட்டில் நின்று யோசித்தால் அது எளிதில் விளங்கும். நெல்லைத் தூற்றும்போது நெல் காலடியில் விழுகிறது, பதர் தள்ளிப்போய் விழுகிறது. கனம்தான் காரணம் என்று நினைக்கிறோம். முழுக் காரணம் அதுவல்ல. ஒரு பெரிய தேக்கிலைச் சருகு ஒரு நெல்மணியைவிடக் கனமானது. ஆனாலும் அடிக்கும் காற்றில் சருகுதான் பறக்கும், நெல் விழும். காற்றுக்கு எவ்வளவு இடம் கொடுக்கிறது என்பதே கேள்வி.

விண்மீனில் காற்றின் வேலையை ஒளி செய்கிறது. உள்ளிருந்து வெளியே பாயும் ஒளியை ஓர் அணு விழுங்கும்போது, அதற்கு மேல்நோக்கி ஒரு தள்ளல் கிடைக்கிறது. ஈர்ப்பு கீழே இழுக்கிறது, ஒளி மேலே தள்ளுகிறது. எந்த அணு தன் எடைக்கு மேல் ஒளியை விழுங்குகிறதோ அது ஏறும். பாதரசம், மாங்கனீஸ் போன்றவற்றுக்கு எலக்ட்ரான்கள் அதிகம், அதனால் விழுங்கக்கூடிய நிறங்களும் அதிகம். அவற்றில் பல, இந்த விண்மீன் தாராளமாகக் கொட்டும் புற ஊதாவிலேயே இருக்கின்றன. ஹீலியம் விழுங்கக்கூடிய நிறங்களோ புற ஊதாவின் கடைக்கோடியில். அங்கே இந்த விண்மீனின் ஒளி சொற்பம். தள்ளல் கிடைக்காத ஹீலியம் மெல்லக் கீழே அமிழ்கிறது.

இன்னொரு நுட்பமும் உண்டு. ஏராளமாக இருக்கும் தனிமத்தின் அணுக்கள் ஒன்றுக்கொன்று நிழல் தட்டும்; கீழே இருப்பது விழுங்கிவிட்டால் மேலே இருப்பதற்கு அந்த நிறத்தில் மிச்சமில்லை. அபூர்வமான தனிமத்துக்கு அந்தப் போட்டி கிடையாது. தனக்குரிய ஒளி முழுவதும் தனக்கே. ஆக, எது மிகக் குறைவாக இருந்ததோ அதற்கே மிகப் பெரிய ஏற்றம் கிடைக்கிறது.

இப்படிச் சலித்துப் பிரிப்பது மிக மெதுவான வேலை. கலங்கிய குளத்துத் தண்ணீர் தெளிய யாரும் இறங்கி உழப்பாமல் இருக்க வேண்டும். இங்கேயும் அதே நிபந்தனை. சூரியனின் வெளிப்பகுதி உலைச்சோறு மாதிரி கொதித்துப் புரண்டுகொண்டிருப்பது. அதில் எதுவும் தெளியாது. அல்ஃபெராட்ஸ் போன்ற சூடான விண்மீன்களின் வெளிப்பகுதி அப்படிக் கொதிப்பதில்லை. வெப்பம் ஒளியாகவே கடந்து போகிறது. ஹீலியம் அமிழ அமிழ, மிச்சமிருந்த சிறு கொதிப்பும் அடங்குகிறது. ஆனால் சூடான விண்மீன்கள் வேகமாகச் சுழல்பவை. அந்தச் சுழற்சியே உள்ளே நீரோட்டங்களைக் கிளப்பிக் கலக்கிவிடும். இந்த ரகத்தில் வினாடிக்கு 200 கி.மீ. வேகத்தைத் தாண்டுபவை சாதாரணம். அல்ஃபெராட்ஸின் வேகம் ஏறத்தாழ 52 கி.மீ.; ஒரு சுற்றுக்கு 2.38 நாள். 25 நாளுக்கு ஒருமுறை சோம்பலாகத் திரும்பும் சூரியனோடு ஒப்பிட்டால் வேகம்தான். தன் இனத்தில் இது நிதானக்காரன்.

நிதானத்துக்கு என்ன காரணம்? இங்கேதான் துணை நட்சத்திரம் வருகிறது. 1902 முதல் 1904 வரை அமெரிக்காவின் லோவல் ஆய்வகத்தில் வெஸ்டோ ஸ்லைஃபர் அல்ஃபெராட்ஸின் கோடுகளை அளந்துவந்தார். அவை சீராக முன்னும் பின்னும் நகர்ந்தன. விண்மீன் ஒருமுறை நம்மை நோக்கி வருகிறது, ஒருமுறை விலகிப் போகிறது. கண்ணுக்குத் தெரியாத ஒன்று அதை இழுத்துச் சுற்றுகிறது என்று அவர் முடிவு கட்டினார். (இதே ஸ்லைஃபர்தான் 1912-இல் இதே மண்டலத்திலுள்ள ஆண்ட்ரமீடா விண்மீன் திரளின் வேகத்தை அளந்து, அது வினாடிக்கு சுமார் 300 கி.மீ. வேகத்தில் நம்மை நோக்கி வருவதைக் கண்டார். அந்தக் கதை தனி.) துணையைப் பிரித்துப் பார்க்க 1988-89 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. மவுண்ட் வில்சன் மலையில் இடைவெளி விட்டு வைத்த கண்ணாடிகளின் ஒளியைச் சேர்த்துப் பார்க்கும் கருவி அதைச் சாதித்தது. அதன் சொந்தக் கோடுகள் பிடிபட்டது 1990-களில். சூரியனைப் போல சுமார் 1.85 மடங்கு நிறை, 8,500 கெல்வின் சூடு, 13 மடங்கு வெளிச்சம். இரண்டும் ஒன்றையொன்று 96.7 நாளில் சுற்றுகின்றன. சராசரி இடைவெளி சூரியனுக்கும் வெள்ளிக்கும் உள்ள தொலைவு அளவு. பாதை நன்றாக நீண்ட முட்டை வடிவம், அதனால் நெருங்கும்போது பாதியாகக் குறையும், விலகும்போது பூமியின் தொலைவையும் தாண்டும்.

பாதரச-மாங்கனீஸ் விண்மீன்களில் பாதிக்கு மேல் இப்படி ஜோடியாக இருப்பவை. துணையின் ஈர்ப்பு ஓதம் போல இழுத்து இழுத்துச் சுழற்சியை மட்டுப்படுத்தும் என்பது பொதுவான விளக்கம். சில நாளிலேயே சுற்றி முடிக்கும் நெருக்கமான ஜோடிகளுக்கு இது நன்றாகப் பொருந்தும். அல்ஃபெராட்ஸ் விஷயத்தில் எனக்குக் கொஞ்சம் தயக்கம். 97 நாள் சுற்று அவ்வளவு நெருக்கமில்லை, சுழற்சி 2.38 நாளிலேயே நிற்கிறது, துணையோடு ஒத்துப்போகவில்லை. பிறவியிலேயே மெதுவாகச் சுழன்றதாகவும் இருக்கலாம்.

அடுத்து, பாதரச மேகங்கள். விண்மீனின் மேற்பரப்பில் கறை இருக்க வேண்டுமென்றால் காந்தப்புலம் வேண்டும் என்பது பழைய பாடம். சூரியக் கறைகள் அப்படித்தான். அல்ஃபெராட்ஸில் தேடித் தேடிப் பார்த்தும் பேர் சொல்லும்படியான காந்தப்புலம் அகப்படவில்லை. அப்படியிருந்தும் அந்தப் பாதரசக் கோட்டின் வடிவம் 2.38 நாளுக்கு ஒருமுறை மாறிமாறி வருவதை 2002-இல் ஆடெல்மன் குழுவினர் காட்டினார்கள். பாதரசம் ஒரே சீராகப் பூசப்படவில்லை, திட்டுத்திட்டாகக் கிடக்கிறது என்று அர்த்தம்.

ஒரு புள்ளியாகத் தெரியும் விண்மீனில் திட்டு இருக்குமிடத்தை எப்படிக் கண்டுபிடிப்பது? பொருட்காட்சியில் ராட்சத ராட்டினத்தைத் தூரத்தில் பக்கவாட்டில் நின்று பார்ப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். ஒரு தொட்டியில் மட்டும் ஒருவர் விசில் ஊதிக்கொண்டிருக்கிறார். தொட்டி நம்மை நோக்கி வரும்போது சுருதி ஏறும், விலகும்போது இறங்கும். கண்ணை மூடிக்கொண்டு, சுருதியை மட்டும் கேட்டே அந்தத் தொட்டி எங்கே இருக்கிறது என்று சொல்லிவிடலாம். ஒளியிலும் அதே வித்தை. சுழலும் விண்மீனின் ஒரு விளிம்பு நம்மை நோக்கி வருகிறது, மறு விளிம்பு விலகுகிறது. பாதரசத் திட்டு சுழன்று வரும்போது அதன் தடயம் கோட்டின் நீல ஓரத்திலிருந்து சிவப்பு ஓரத்துக்கு நகரும். பல இரவுகளில் எடுத்த பட்டைகளைச் சேர்த்தால் மேற்பரப்பின் வரைபடமே கிடைக்கும்.

ஸ்வீடனின் உப்சாலா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கொச்சுகோவும் ஆடெல்மன், கலிவர், பிஸ்குனோவ் ஆகியோரும் ஏழாண்டுக்காலத் தரவுகளை இப்படி வரைபடமாக்கி 2007-இல் வெளியிட்டார்கள். முதல் வரைபடத்தையும் பிந்தைய வரைபடத்தையும் அருகருகே வைத்தபோது திட்டுகள் ஒரே மாதிரி இல்லை. மாறியிருந்தன. அவர்கள் அதற்கு வைத்த பெயர் வானிலை. பூமியில் நீராவி மேகமாகத் திரண்டு கலைவது மாதிரி, அங்கே பாதரசம் ஆண்டுக்கணக்கில் திரண்டு கலைகிறது. காந்தப்புலத்தின் பிடி இல்லாத விண்மீனில் இப்படி மாறும் திட்டுகள் காணப்பட்டது அதுவே முதல்முறை. எது அவற்றைத் திரட்டுகிறது என்ற விவாதம் நடந்துகொண்டிருக்கிறது.

இதே குடும்பத்தில் இன்னொரு விசித்திரத்தையும் சொல்லாமல் விட மனமில்லை. பாதரசத்தில் எடை வேறுபட்ட பல ஐசோடோப்புகள் உண்டு. பூமியின் பாதரசத்தில் 204 என்ற மிகக் கனமான ரகம் நூற்றுக்கு ஏழு பங்குதான். தென்வானத்தில் ஓநாய் மண்டலத்தில் உள்ள கை லூபி என்ற பாதரச விண்மீனிலோ, தெரியும் பாதரசம் கிட்டத்தட்ட முழுவதும் அந்த 204. ஒளி அங்கே தனிமத்தை மட்டும் சலிக்கவில்லை. ஒரே தனிமத்துக்குள்ளும் புகுந்து சலித்திருக்கிறது.

எண்களையும் அவற்றின் அளவில் வைத்துப் பார்க்க வேண்டும். பாதரச மேகம் என்றதும் வெள்ளிக் குழம்பு தளும்பும் கடலைக் கற்பனை செய்துவிடக் கூடாது. லட்சம் மடங்கு கூடியிருந்தாலும், பத்து லட்சம் ஹைட்ரஜன் அணுவுக்கு ஒன்றிரண்டு பாதரசம்தான் அங்கே இருக்கும். அதுவும் மேலோட்டமான ஒரு மெல்லிய படலத்தில், திரவமாக அல்ல, எலக்ட்ரானை இழந்த சூடான வாயுவாக. 'பாதரச நட்சத்திரம்' என்று செய்தித்தாள்கள் தலைப்பு போடும்போது இது விடுபட்டுப்போகிறது. முகத்தில் பூசிய மஞ்சளைப் பார்த்து ஆளே மஞ்சளால் ஆனவர் என்று சொல்வதுபோல. வானியலில் நாம் விண்மீனின் 'கலவை' என்று படிப்பதெல்லாம் அநேகமாக அதன் மேல்தோலின் கலவை. பெரும்பாலான விண்மீன்களில் மேல்தோலைப் பார்த்து உள்ளே இருப்பதை ஓரளவு ஊகிக்கலாம். அல்ஃபெராட்ஸில் அப்படி ஊகித்தால் ஏமாந்துபோவோம்.

பார்க்க வேண்டுமென்றால் கார்த்திகை மாதத் தொடக்கம் நல்ல சமயம், மழை மேகம் வழிவிட்டால். இரவு எட்டு மணி சுமாருக்கு மொட்டைமாடியில் நின்று, உச்சியிலிருந்து சற்று வடக்கே பாருங்கள். நாலு விண்மீன்கள் பெரிய சதுரமாக நிற்கும். பக்கம் ஒவ்வொன்றும் நீட்டிய கையின் ஒன்றரை முஷ்டி அகலம். உள்ளே வெறிச்சென்று இருப்பதே அடையாளம். வடகிழக்கு மூலையில் இருப்பது அல்ஃபெராட்ஸ். சதுரத்தின் வடமேற்கு மூலையில் பூரட்டாதியைச் சேர்ந்த ஷியாட் சிவந்து தெரியும். இரண்டையும் மாறி மாறிப் பார்த்தால் நீலவெண்மை நன்றாக விளங்கும். பாதரசம் தெரியாது, அதற்கு நிறமாலைமானி வேண்டும்.